மை காயல, கெட்டியாச்சு

போன மாசம் அப்பா கடைக்கு அக்ரிலிக் போர்டு அச்சடிச்சோம். கறுப்புப் பின்னணி. நேரா பார்த்தா சூப்பர். சாய்ச்சுப் பார்த்தா ஒரு பட்டை பளபளப்பு, ஒரு பட்டை மங்கல். கோட் எழுதுற திமிர்ல, "சாஃப்ட்வேர் பக்கைக்கூட பார்க்க மாட்டீங்களா?"ன்னு ஆபரேட்டர் அண்ணன்கிட்ட எகிறிட்டேன். அவர் நிதானமா, "தம்பி, வெளிச்சம் விழுற நேரம்தான் பிரச்சினை"ன்னார்.

யூவி மை காயறதில்லை. ஆவியாகிப் போக அதுல தண்ணியோ கரைப்பானோ பெருசா கிடையாது. மோனோமர், நிறமி, கூடவே ஃபோட்டோஇனிஷியேட்டர். எல்இடி விளக்குன்னா பெரும்பாலும் 395 நானோமீட்டர். அது பட்டதும் இனிஷியேட்டர் உடைஞ்சு, மோனோமர்களைச் சங்கிலியா கோர்க்கும். திரவம் பிளாஸ்டிக் ஆயிடும்.

ஆனா துளி பரவி சமமாக நேரம் வேணும். சீக்கிரம் வெளிச்சம் பட்டா மேடாவே உறையும், அது மங்கல். தாமதமானா பக்கத்துத் துளியோட கலந்து பளபளக்கும். ரொம்பத் தாமதமானா எழுத்தோட விளிம்பு கசியும். ஹெட் போகும்போதும் வரும்போதும் இந்த இடைவெளி மாறினா, பட்டை.

மை தயாரிக்கிறவங்க பாடு இன்னும் கஷ்டம். காத்துல இருக்குற ஆக்ஸிஜன் மேற்பரப்புல வினையைத் தடுக்கும், பிசுபிசுக்கும். இனிஷியேட்டரைக் கூட்டினா மஞ்சளடிக்கலாம். நல்லா பரவ சர்ஃபாக்டன்ட் சேர்த்தா, அடுத்த அடுக்கு ஒட்டாமப் போகலாம். ஒண்ணைச் சரிபண்ணா இன்னொண்ணு உடையுது. நமக்குப் பழகின வலிதானே!

அண்ணன் ஒரே திசையில, மெதுவா மறுபடி அடிச்சார். பட்டை போச்சு. நான் சாரி சொன்னேன். அவர் டீ சொன்னார்.