கச்சான் சரையும் பொன்மணியும்

இந்த யாழ்ப்பாண நூலக மண்டபத்தை ஓர் இரவுக்குத் தியேட்டராக்கித் தந்திருக்கிறார்கள் நண்பர்கள். நீங்களும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து கதிரை பிடித்திருக்கிறீர்கள்.

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். படம் தொடங்க முன்னர் பேசுகிறவனின் நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில், படத்துக்கு முன் நியூஸ் ரீல் ஓடும்போது கலரியில் இருந்து விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். நீங்கள் இப்போது விசிலடித்தால் கோபிக்க எனக்கு உரிமை இல்லை.

வின்சர், றீகல், ராணி, மனோகரா, லிடோ, ஸ்ரீதர் என்று நான் பழைய தியேட்டர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனாலே இங்கே இருக்கிற சில தலைகள் தன்பாட்டில் ஆடும். வாசலில் கச்சான்காரி, பக்கத்தில் பாட்டுப் புத்தகம் விற்கிற பெடியன். உள்ளே போனால் பல்கனிக்கு ஒரு மரியாதை, கலரிக்கு ஒரு சுதந்திரம். ஆங்கிலப் படம் என்றால் றீகல். ஒரு சொல்லும் விளங்காமல் முழுப்படத்தையும் பார்த்துவிட்டு வந்து, அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கதை சொன்ன வீரர்கள் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர். மூன்று பேரும் மூன்று கதை சொன்னார்கள்.

இன்றைக்கு நீங்கள் பார்க்கப் போகிற 'பொன்மணி' 1977இல் வந்த படம். எனக்கு அப்போது பதினைந்து வயது. மாமாவின் சைக்கிள் பாரில் இருந்து போய்ப் பார்த்தேன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குள் ஒரு சிரிப்பு எழும்பியது. பகிடிக் காட்சி அல்ல. ஒரு பாத்திரம் எங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்தது, அவ்வளவுதான். நானும் சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "ஏனடா சிரிக்கிறாய்? கொம்மா கதைக்கிற மாதிரித்தானே கதைக்கிறாள்" என்றார். அதற்கு அன்று எனக்குப் பதில் இல்லை.

நாங்கள் காதலித்தது, அழுதது, சண்டை பிடித்தது எல்லாம் சென்னைத் தமிழில். திரை என்றால் அந்த மொழிதான் என்று காது பழகிவிட்டது. எங்கள் வாயில் இருந்து வருகிற சொல் திரையில் இருந்து திரும்பி வந்தபோது கூச்சம் பிடித்தது. அந்தக் கூச்சந்தான் சிரிப்பாக வந்தது.

அந்தப் படத்தை எடுத்தவர் யார்? தர்மசேன பத்திராஜ. சிங்களவர், 1943இல் பிறந்தவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 'அகஸ் கவ்வ' என்ற முதல் படத்தில் கொழும்பின் வேலையில்லாத பெடியளைக் காட்டியவர். கதையை எழுதியவர் எங்கள் காவலூர் ராஜதுரை. பெயரிலேயே ஊர்காவற்றுறை இருக்கிறது. நடித்தவர்களில் பலர் எங்கள் மேடைகளிலும் வளாகத்திலும் இருந்து போனவர்கள், சித்திரலேகா மௌனகுரு உட்பட. சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு வீடு, சாதிக்கோட்டைத் தாண்டிப் போகிற ஒரு பெண் என்பதுதான் கதை. முடிவைச் சொன்னால் நீங்கள் என்னை அடிப்பீர்கள். படம் ஓடவில்லை. சண்டை இல்லை, கனவுப் பாட்டு இல்லை, ஆட்கள் கதைக்காமல் இருக்கிற நேரம் கூட. காசு கொடுத்து மௌனம் பார்ப்பதா என்று கேட்டுக்கொண்டு சனம் எழும்பிப் போனது.

இங்கே தமிழ்ப் படம் எடுக்க நடந்த முதல் முயற்சி 'பொன்மணி' அல்ல. 1966இலேயே எம். வேதநாயகம் என்ற மனிதர் சேக்சுபியரின் ஹம்லெட்டைத் தழுவிக் 'கடமையின் எல்லை' எடுத்தார். யோசித்துப் பாருங்கோ, ஹம்லெட்! 1972இல் வி. எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' தயாரித்தார். அவருடைய தொழில் கட்டடக்கலை. 1981இல் எரிந்த இந்த நூலகத்தை மறுபடி எழுப்புவதற்கு வரைபடம் போட்டவரும் அவர்தான். படம் எடுத்து விலாசம் தேடிக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஆசை, வேறென்ன. 'பொன்மணி'க்கு அடுத்த வருடம் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் படமானது. பிறகு 1983 இனக்கலவரம் வந்தது. அதைப் பற்றி இந்த மேடையில் நான் விளக்கத் தேவையில்லை. கொழும்புப் பக்கம் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. படச்சுருள் எவ்வளவு வேகமாக எரியும் என்று அந்தத் தொழில் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கோ.

இனி 1993க்கு வருவோம். போர்க்காலம், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. கரண்ட் போய் மூன்று வருடம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், வயது தெரிந்துவிடும். அந்த நாளில் படம் பார்ப்பது ஒரு பெரும் வேலை. ஊரில் காசு சேர்க்க வேண்டும், டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுக்க வேண்டும், ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் தேட வேண்டும். பிறகு ஆரோ ஒருவரின் வளவில், மாமரத்துக்குக் கீழே, ஓர் இரவுக்கு மூன்று படம். விடியும்போது கண் சிவந்திருக்கும், பாயெல்லாம் பனியில் நனைந்திருக்கும்.

அப்படி ஓர் இரவில் கொண்டுவந்த மூன்றாவது கசெற் பிழையான கசெற். உறையில் ஒரு பெயர், உள்ளே வேறு படம். கறுப்பு வெள்ளை. இத்தாலி மொழி. கீழே எழுத்தும் இல்லை. "நிப்பாட்டடா" என்று ஒரு குரல். "மண்ணெண்ணெய் ஊத்தியாச்சு, ஓடட்டும்" என்று இன்னொரு குரல். மண்ணெண்ணெயின் விலை அன்று எங்களுக்கு உலக சினிமாவை அறிமுகப்படுத்தியது.

அந்தப் படம் விற்றோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். ரோமாபுரியில் வேலை கிடைக்காத ஒரு மனிதன். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் வேண்டும். கட்டில் விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறான். ஒரு சினிமாப் போஸ்டரை ஒட்டிக்கொண்டு நிற்கும்போதே அதைக் களவு கொடுக்கிறான். பிறகு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நகரமெல்லாம் தேடுகிறான்.

எங்களுக்கு அந்தப் படத்துக்கு உரை தேவையா? விறகு, நெல், நோயாளி, சில நேரம் பிரேதம் என்று எல்லாமே சைக்கிளில் போன ஊர் எங்கள் ஊர். றேடியோ கேட்பதற்கும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றினோம். சைக்கிள் போனால் குடும்பம் நின்றுபோகும் என்பதை ஆரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. திரையில் அந்தச் சைக்கிள் களவு போனதும், எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சத்தமில்லாமல் எழும்பிப் போனார். அலுத்துப் போய்ப் படுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வேலியில் சாத்தியிருந்த தன் சைக்கிளின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருந்தார்.

இதைவிடப் பெரிய திரை விமர்சனத்தை நான் இன்றுவரை வாசிக்கவில்லை. இதே படத்தை லண்டனில் பார்த்த பிறகுதான் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' எடுக்கத் துணிந்தார். அவர் படம் எடுக்கப் போனார், எங்கள் பெரியவர் பூட்டைப் பார்க்கப் போனார். இரண்டும் ஒரே மரியாதைதான்.

அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். எங்கள் மொழியில் எங்கள் கதை வந்தபோது சிரித்தோம். விளங்காத மொழியில் வந்தபோது மூச்சுப் பிடித்துப் பார்த்தோம். மாமாவின் கேள்விக்குப் பதில் அந்த மாமரத்தடியில் பாதி கிடைத்தது. படம் பார்க்கவும் பழக வேண்டும். தனியே இருந்து பழக முடியாது. பக்கத்தில் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஓர் ஆள் வேண்டும்.

அதனால்தான், மாற்றுச் சினிமா என்றால் தாடி வைத்த நாலு பேருக்குரியது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தாடிக்காரர்களோடும் ஒத்துப்போவதில்லை. கலரியில் இருந்து வராத ரசனையில் எனக்கு நம்பிக்கை குறைவு.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. அசோக ஹந்தகம இங்கே வந்து 'இனி அவன்' எடுத்தார். அல்லைப்பிட்டியில் பிறந்த சோபாசக்தி நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. பனை எங்களுக்குப் புதிதில்லை, தங்கத்தில்தான் புதிது. அதே வருடம் அனோமா ராஜகருணாவின் முயற்சியில் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவும் தொடங்கியது. பெடியள் போனில் ஈரான் படம் பார்க்கினம், கொரியாப் படம் பார்க்கினம். நல்லது. ஆனால் தம்பிமாரே, காதில் வயரைச் செருகிக்கொண்டு பார்க்கும்போது, உங்களுக்குப் பக்கத்தில் எழும்பிப் போகிறவர் ஆர்?

பத்திராஜ 2018இல் போய்விட்டார். மாமா அதற்கும் முதலே போய்விட்டார். இன்றைக்கு நான் 'பொன்மணி'யை மாமாவின் கண்ணால் பார்க்கலாம் என்று முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

பின்வரிசையில் இருக்கிற ஐயா, கச்சான் சரையை ஒளிக்க வேண்டாம். மண்டபப் பொறுப்பாளரிடம் நான் கேட்டுவிட்டேன், கோதைக் கீழே போடாவிட்டால் சரியாம். சிரிப்பு வந்தாலும் அடக்க வேண்டாம். எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று மட்டும் நினைவில் வைத்திருங்கோ. படம் முடிந்ததும் வாசலில் நிற்பேன், வந்து சொல்லுங்கோ.