பூமிக்குக் கடிகாரம் உண்டா?

நான் நொச்சிக்குப்பத்துலேர்ந்து வர்றேன். எதிரணித் தம்பி, "பூகம்பம்னாலே விடியக்காலைதான்"னு அடிச்சுப் பேசினார். லாத்தூரைச் சொன்னார். 1993 செப்டம்பர் 30, விடிகாலை 4 மணிக்குச் சற்று முன்னால. சரி. சுமத்ரா, 2004 டிசம்பர் 26, நம்ம நேரப்படி காலை 6.29. அதுவும் சரி. ஆனா 2001 செப்டம்பர் 25, பாண்டிச்சேரிக் கடலுக்குள்ள குலுங்கி, சென்னை வரைக்கும் தெரிஞ்சுதே, அது ராத்திரி எட்டரை மணி! 2012 ஏப்ரல் 11, திரும்பவும் சுமத்ரா, மத்தியானம் 2 மணி! சோறு திங்கற நேரமய்யா! (சிரிப்பு, கைதட்டல்)

பூமிக்கு அடியில பாறைங்க வருஷக்கணக்கா ஒண்ணையொண்ணு நெருக்கிக்கிட்டுக் கிடக்கு. தாங்க முடியாதப்ப நழுவுது. மேல சூரியன் உதிச்சதா மறைஞ்சதான்னு அதுக்கு என்ன தெரியும்? ராத்திரியில அதிகம்னு தோணறதுக்குக் காரணம் வேற. பஸ், லாரி ஓட்டம் அடங்கினதும் கருவிங்க சின்ன அதிர்வையும் பிடிச்சிடுது. படுத்திருக்கிற நமக்கும் கட்டில் ஆடறது தெரியுது. லாத்தூர்ல தூங்கிக்கிட்டிருந்தவங்க மேலயே கல்லுச் சுவர் விழுந்துது. அந்த நேரம் மனசை விட்டுப் போகுமா?

எங்க ஆயா சொல்லும், "விடிஞ்சிடுச்சு, இனிமே பயமில்லை"ன்னு. அய்யா, 2004-ல பூமி ஆடி ரெண்டு மணி நேரத்துக்கு மேல கழிச்சு, நல்லா விடிஞ்ச பிறகுதான் அலை எங்க குப்பத்துக்குள்ள வந்துது! அந்த ரெண்டு மணி நேரத்துல எங்களுக்குச் சொல்ல ஒரு ஆளில்லை. 2007-லதான் ஐதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துது. 2012-ல எச்சரிக்கை வந்தப்ப ஆயா, "பட்டப்பகல்ல ஏதுடா பூகம்பம்?"னு உட்கார்ந்துடுச்சு. கையைப் பிடிச்சு சாந்தோம் ரோடுக்கு இழுத்துக்கிட்டு ஓடினேன். நல்லவேளை, பெரிய அலை வரலை. அடுப்புல குழம்பு தீய்ஞ்சதுக்கு இன்னும் என்னைத் திட்டுது. (பலத்த கைதட்டல்)