நீரிழிவுச் சிறாரும் பள்ளியும்

இன்சுலினால் வாழும் முதல் வகை நீரிழிவுச் சிறார், சர்க்கரை மாத்திரை, பழம், குடிநீர் ஆகியவற்றுடன் பொதுத்தேர்வு எழுத 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அனுமதித்தது. நன்றே. ஆனால், இரத்தச் சர்க்கரை தேர்வு நாள் பார்த்தா குறைகிறது? தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலும், மதிய உணவு தாமதித்தால், விளையாட்டு நீண்டால் குறையும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். ஆசிரியர் இதனைக் குறும்பெனக் கருதக்கூடும்! வளர்ந்த பிள்ளைக்கு ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதித்தல் வேண்டும். சிறு குழந்தைக்குரிய அளவை மருத்துவரிடம் எழுதிப் பெறுக. நினைவிழந்தால் வாயில் எதனையும் புகட்டலாகாது. அருகிலுள்ள சயான் மருத்துவமனைக்கு விரைக. தனியே வீட்டிற்கு அனுப்புதல் கூடவே கூடாது. செலவு அற்பமே. வகுப்பாசிரியர் விடுப்பெடுக்கும் நாளில் வகுப்பிற்கு வரும் மாற்று ஆசிரியருக்கும் இவை தெரிந்திருத்தல் வேண்டும்.