கதவைத் தட்ட ஒரு சாக்கு

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். – ஆசிரியர் குழு)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. பஜ்ஜி வாசனையும் வந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து என்னிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். பஜ்ஜி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

காலண்டரில் சிவப்பு எழுத்தில் இல்லாத நாட்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எந்த அரசும் லீவு விடாத, எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நாட்கள். யாரோ இரண்டு மூன்று பேர் விளையாட்டாகத் தொடங்கி, ஊரே பிடித்துக்கொண்ட நாட்கள்.

அமெரிக்காவில் ஜான் பாவர், மார்க் சம்மர்ஸ் என்று இரண்டு நண்பர்கள். 1995-இல் ஒருநாள் ராக்கெட்பால் ஆடும்போது, சினிமாவில் வரும் கடற்கொள்ளைக்காரர்கள் மாதிரி கத்திப் பேசிக்கொண்டார்கள். 'இதற்கென்றே ஒரு நாள் வைத்தால் என்ன?' என்று தோன்றியது. செப்டம்பர் 19 என்று முடிவு செய்தார்கள். காரணம், அது சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்த நாள். தேதி மறக்காதாம்! 2002-இல் டேவ் பேரி என்ற நகைச்சுவை எழுத்தாளர் தன் பத்தியில் இதை எழுத, அந்த நாள் பல நாடுகளுக்குப் போய்விட்டது.

1988-இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் லாரி ஷா என்பவர், 'பை' என்ற கணித எண் 3.14 என்பதால் மூன்றாம் மாதம் 14-ஆம் தேதியை 'பை தினம்' என்று கொண்டாடினார். சக ஊழியர்கள் வட்டமாகச் சுற்றி நடந்து, 'பை' என்றே பெயருள்ள பழப் பலகாரத்தைச் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் விழா. 2019-இல் யுனெஸ்கோ அதே மார்ச் 14-ஐ சர்வதேச கணித தினமாக அறிவித்தது.

பென்சில்வேனியாவில் தாமஸ் ராய் என்பவர் இன்னொரு நாளை உருவாக்கினார். ஆகஸ்ட் 8. அந்த இரவு, தோட்டத்தில் அளவுக்கு மேல் காய்த்த சுக்கினிக் காயை அண்டை வீட்டு வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும். கோடையில் அந்தக் காய் நம்மூர் முருங்கை மாதிரி காய்த்துத் தள்ளும். யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்களுக்கு இது நல்ல வழி.

நம் சென்னையிலும் இப்படி ஒன்று உண்டு. 1639 ஆகஸ்ட் 22 என்ற தேதியை வைத்து, வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையாவும் பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசோசாவும் 2004-இல் 'மெட்ராஸ் தினம்' தொடங்கினார்கள். அரசு விழா இல்லை. யார் வேண்டுமானாலும் தெரு நடை போகலாம், பழைய போட்டோ காட்டலாம், கதை சொல்லலாம். அதனால்தான் அது வளர்ந்தது.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனி சொல்வது வேறு.

பாரிஸ் நகரின் 17-ஆவது வட்டத்தில் அதனாஸ் பெரிஃபான் என்று ஒருவர். அவர் பகுதியில் ஒரு மூதாட்டி தன் வீட்டுக்குள்ளேயே இறந்துபோய், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். மேலேயும் கீழேயும் பக்கத்திலும் ஆட்கள் குடியிருந்த கட்டிடம் அது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 'அண்டை வீட்டார் தினம்'. 1999-இல் அந்த ஒரு வட்டத்தில் சுமார் 800 கட்டிடங்களில் நடந்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸின் மற்ற ஊர்களுக்கும், பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவியது. மே மாதக் கடைசியை ஒட்டிய ஒரு சாயங்காலம், கட்டிடத்தின் முற்றத்திலோ நடைபாதையிலோ மேசை போடுவார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு மேல் சடங்கு எதுவும் இல்லை.

'அது பாரிஸ். நம்ம ஊரில் அப்படி நடக்குமா?' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுச் சுவரில் 'டொக் டொக்' என்று சத்தம். தூக்கம் கெட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "ஓய்வு நேரத்தில் ஆணி அடிப்பது யார்? சங்க விதி தெரியாதா?" வரிசையாகக் கட்டைவிரல் விழுந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

அது ஆணி அடித்த சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், மக்கால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் போன் செய்து, எடுக்கவில்லை என்றதும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. இடுப்பு எலும்பு முறிவு. அந்த அம்மா இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். மூன்று வருஷம் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டோம். அவர் தனியாக இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் '3பி' என்ற நம்பர்தான்.

மருத்துவமனையில் அவரிடம், "ஒரு நாளாவது வந்து பேசியிருக்கலாமேம்மா" என்றேன். "சும்மா எப்படிப்பா வந்து கதவைத் தட்டுறது? ஒரு காரணம் வேண்டாமா?" என்றார்.

அந்தக் காரணத்தைத்தான் இந்த நாட்கள் கொடுக்கின்றன.

பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் போதாதா என்று கேட்பீர்கள். அன்றைக்குப் பாதிப் பேர் சொந்த ஊர் போய்விடுகிறோம். மீதிப் பேர் வீட்டில் உறவினர் கூட்டம். பொது விழா வைத்தால் யார் பண்டிகைக்கு எவ்வளவு செலவு என்று கமிட்டியில் வாக்குவாதம். பை தினமோ சுக்கினி இரவோ யாருடைய பண்டிகையும் இல்லை. அங்கே விருந்து கொடுப்பவர் என்றோ விருந்தாளி என்றோ யாரும் இல்லை. புதுத்துணி, ஸ்வீட் பாக்ஸ் எதுவும் வேண்டாம்.

எனவே இந்த வருஷம் நாலே நாலு நாட்கள் கொண்டாடிப் பார்ப்போம்.

மார்ச் 14, பை தினம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வட்டமான பலகாரம்: வடை, பூரி, அதிரசம், எதுவானாலும் சரி. பிள்ளைகள் கையில் ஒரு நூல் கொடுங்கள். தட்டைச் சுற்றி அளந்து, அந்த நூல் தட்டின் குறுக்கே எத்தனை முறை வருகிறது என்று பார்க்கட்டும். சின்னத் தட்டோ பெரிய தாம்பாளமோ, மூன்று முறையும் இன்னும் கொஞ்சமும் வரும். புத்தகத்தில் படித்ததைக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்து, அண்டை வீட்டார் தினம். மே மாதம் பலர் ஊரில் இருப்பதால், ஜூன் முதல் ஞாயிறு மாலை வைத்துக்கொள்வோம். மாடிக்கு மாடி, லிஃப்ட் முன்னால் நாலு நாற்காலி போதும்.

மூன்றாவதும் நாலாவதும் ஆகஸ்டில். 8-ஆம் தேதி இரவு, மொட்டை மாடித் தொட்டியில் விளைந்த கறிவேப்பிலையோ கத்தரிக்காயோ, எதிர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு நழுவிவிடுங்கள். சிசிடிவியில் யார் என்று தேடக் கூடாது! 22-ஆம் தேதி, இங்கே நெடுநாள் இருக்கும் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் தெருவைச் சுற்றி வரட்டும். எங்கே கிணறு இருந்தது, எங்கே மாமரம் நின்றது என்று சொல்லட்டும். மழைக்காலம் வந்தால் மிச்சத்தைத் தீபாவளி பார்த்துக்கொள்ளும்.

சில நிபந்தனைகள். வசூல் கிடையாது. மைக் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. சொந்த வீடு, வாடகை வீடு என்று பார்க்காமல் எல்லாக் கதவையும் தட்ட வேண்டும். வர விருப்பம் இல்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம்; கதவைத் தட்டியதே போதும். செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் துப்புரவு செய்யும் அக்காக்களுக்கும் முதல் தட்டு.

இன்னொரு வேலையும் உண்டு. ஜூன் ஞாயிறன்று ஒவ்வொரு மாடியிலும் ஒரு தாள் வைப்போம். விருப்பமுள்ளவர்கள் தங்கள் பெயர், போன் நம்பர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதலாம். அந்தத் தாள் அந்த மாடிக்காரர்களிடம் மட்டும் இருக்கும். வாட்ஸ்அப்பில் போடக் கூடாது.

3பி அம்மாவின் மாற்றுச் சாவி இப்போது என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. என் வீட்டுச் சாவி அவரிடம். மார்ச் 14-க்கு அதிரசம் நான் செய்கிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். அதனால் என் வீட்டிலிருந்து பூரி மட்டும்தான்.

பஜ்ஜி காத்திருக்கிறது. எடுக்கப் போகும்போது பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஃபிளாட் நம்பரைக் கேட்காதீர்கள், பெயரைக் கேளுங்கள்.