கடற்கரை மணலும் வினையூக்கி வேதியியலும்
(மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



நெய்யாறு கடலோடு கலக்கும் இடம் பூவார். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களை அடுத்து, தமிழக எல்லைக்கு அண்மையில் அமைந்த கடற்கரைச் சிற்றூர் அது. அதற்கு வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சவறையும், தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியும் கனிம மணலுக்குப் பெயர் பெற்றவை. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அன்று முதல் இக்கரையின் செல்வம் டன் கணக்கிலேயே அளக்கப்பட்டு வருகிறது. வேறோர் அளவுகோலும் உண்டு என்பதே இவ்வுரையின் பொருள்.

இம்மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து டைட்டானியமும், சிர்க்கானிலிருந்து சிர்க்கோனியமும், மோனசைட்டிலிருந்து சீரியம், லாந்தனம் முதலிய அருமண் உலோகங்களும் தோரியமும் கிடைக்கின்றன. இவற்றுள் டைட்டானியம், சிர்க்கோனியம், சீரியம் ஆகிய மூன்றும் இன்று உலகெங்கும் ஆராயப்பட்டுவரும் ஒரு புதிய வகை வினையூக்கிக்கு அடிப்படையாக விளங்குகின்றன.

வினையூக்கி என்பது தான் செலவழியாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள். கந்தக அமிலத் தயாரிப்பில் வனேடியம் ஆக்சைடும், தாவர எண்ணெயை வனஸ்பதியாக்குவதில் நிக்கலும் இப்பணியைச் செய்கின்றன. திண்ம வினையூக்கியின் மேற்பரப்பில்தான் வினை நிகழ்கிறது. உள்ளே புதைந்த அணுக்கள் பயனின்றிக் கிடக்கின்றன. ஆகவே, உலோக அணுக்களை ஒன்றுக்கொன்று விலக்கி நிறுத்தி, ஒவ்வொன்றையும் மூலக்கூறுகள் எளிதில் அணுகும்படி செய்ய இயலுமா என்ற வினா எழுந்தது.

அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று உலோக-கரிமச் சட்டகம். உலோக அயனிகள் மூலைத் தூண்களாகவும், கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் உத்தரங்களாகவும் நின்று, உள்ளே அறைகள் நிறைந்த படிகம் உருவாகிறது. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ராப்சன் 1989-இல் இவ்வழியைத் திறந்தார். ஜப்பானின் சுசுமு கிட்டகாவா, வாயுக்கள் இச்சட்டகங்களுக்குள் புகுந்து வெளிவர இயலும் என்று 1997-இல் காட்டினார். அமெரிக்காவில் ஓமர் யாகி 1999-இல் துத்தநாகச் சட்டகம் ஒன்றை வெளியிட்டார். அதன் சில கிராம்களின் உட்பரப்பு ஒரு கால்பந்துத் திடலுக்கு ஒப்பாகும். இம்மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்தகைய சட்டகம் வினையூக்கியாகப் பணியாற்றும் என்பதை ஜப்பானின் மக்கோட்டோ ஃபுஜிட்டா, காட்மியச் சட்டகத்தைக் கொண்டு 1994-இலேயே மெய்ப்பித்திருந்தார்.

எனினும் பெரும் குறை ஒன்று இருந்தது. யாகியின் துத்தநாகச் சட்டகம் காற்றின் ஈரத்திலேயே சிதைந்துவிடும். பூவார் போன்ற ஈரக்காற்று வீசும் கரையில் அதனைத் திறந்த குப்பியில் வைத்திருக்கவும் இயலாது. தொழிற்சாலைக்கு அது எங்ஙனம் பயன்படும்?

இக்குறையைப் பெரிதும் நீக்கியது சிர்க்கோனியம். நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தார் 2008-இல் உருவாக்கிய யு.ஐ.ஓ.-66 என்னும் சட்டகத்தில், ஆறு சிர்க்கோனிய அணுக்கள் கொண்ட ஒவ்வொரு தொகுதியும் பன்னிரண்டு உத்தரங்களால் பிணைக்கப்பட்டுள்ளது. அதனால் அது நீரையும் வெப்பத்தையும் தாங்குகிறது. சில உத்தரங்கள் விடுபட்ட இடங்களே வினையூக்கும் மையங்களாகின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. பாராக்ஸான் போன்ற நச்சுப் பாஸ்பரஸ் சேர்மங்களை நீரால் பிளக்க இச்சட்டகம் துணை செய்கிறது. டைட்டானியச் சட்டகம் 2009-இலும், சீரியத்தாலான இதேவகைச் சட்டகம் 2015-இலும் வெளியாயின.

நம் மணலின் மூன்று உலோகங்களும் இவ்வாறு புது மதிப்புப் பெற்றுள்ளன. ஆனால் இதனை மேலும் மணல் அள்ளுவதற்கான காரணமாகக் கொள்ளுதல் தவறு. யு.ஐ.ஓ.-66 சட்டகத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சிர்க்கோனியம். வினையூக்கியும் மீண்டும் மீண்டும் பயன்படக்கூடியது. ஆதலால் தேவைப்படும் உலோகம் சிறிது. அதனை அமைக்கும் அறிவே பெரிது. கரை அரிப்பால் வீட்டையும் வலை காயவைக்கும் இடத்தையும் இழக்க அஞ்சும் மீனவருக்கு இவ்வேறுபாடு சிறிய செய்தியன்று.

அறிவைத் தொழிலாக்கும் ஆற்றல் நமக்கு உண்டா என்று ஐயுற வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பால் ரத்தினசாமி, புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தம் குழுவினருடன் என்சிலைட் என்னும் சியோலைட் வினையூக்கியை உருவாக்கினார். சிமெண்ட் தொழில் நிறுவனமான ஏ.சி.சி. அதன் உற்பத்தியில் துணை நின்றது. பரோடாவில் அன்று இயங்கிய இந்தியப் பெட்ரோ ரசாயனக் கழகம் 1980-களில் அதனைப் பயன்படுத்தியது. சைலீன் கலவையிலிருந்து பாரா-சைலீனை மிகுதியாகப் பெறுவதே அதன் பணி. பாரா-சைலீனிலிருந்து கிடைக்கும் டெரிப்தாலிக் அமிலம் பாலியெஸ்டர் துணிக்கு மூலப்பொருள். யு.ஐ.ஓ.-66 சட்டகத்தின் உத்தரமும் அதுவே. ஆய்வுக்கூடம், உற்பத்தியாளர், பயன்படுத்தும் ஆலை ஆகிய மூவரும் இணைந்ததே அவ்வெற்றியின் காரணம்.

பூவாரைச் சூழ்ந்த பகுதியில் இம்மூன்றனுள் இரண்டு ஏற்கெனவே உள்ளன. பாப்பனங்கோட்டில் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், விதுரையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை ஆய்வுக்கு உள்ளன. 1950-இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. இடையில் வேண்டப்படுவது கிராம் அளவிலிருந்து கிலோகிராம் அளவுக்கு உயர்த்தும் முன்னோடி ஆலை. அங்குதான் தூளை உருண்டையாக்கினால் துளைகள் அடைபடுகின்றனவா, நூறாவது முறையும் வினை நடக்கிறதா, தீங்கான கரைப்பானுக்கு மாற்றாக நீரைப் பயன்படுத்தலாமா, செலவு சியோலைட்டோடு போட்டியிடுமா என்ற வினாக்களுக்கு விடை கிடைக்கும்.

அலுவலர்களே, இத்தகைய ஆலைக்கு வழங்கும் நிதியை ஓராண்டு வரவால் அளக்காதீர்கள். மாணவர்களே, புதிய சட்டகம் ஒன்றைப் படைப்பது பெருமைதான். ஆயினும் பழைய சட்டகம் ஈரத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்று பொறுமையாய் அளந்து பதிவு செய்வதும் அதற்குக் குறைந்த பணியன்று. மணல் ஒருமுறை ஏற்றுமதியாகிவிட்டால் திரும்பி வாராது. அதனைப் பயனுள்ள பொருளாக அமைக்கும் கல்வியோ, கைமாறக் கைமாற வளரும்.