சொல்லாமல் சொன்ன நற்செய்தி



புணேயிலிருந்து தௌண்டு, சோலாப்பூர் வழியாகச் சென்னைக்குப் பயணம் செய்யும் நம்மவர், கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கண்டும் காணாதவராய்க் கடந்து செல்கின்றனர். பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி இல்லம் அவ்வூரில்தான் இருக்கிறது. விசுவாசத்தை வாழ்ந்து காட்டுதல் என்றால் என்ன என்று எவரேனும் கேட்பின், நான் அவ்வூரைத்தான் சுட்டுவேன்.

1858ஆம் ஆண்டில் பிறந்த ரமாபாய், இளமையிலேயே வடமொழியில் வல்லவரானார். 1870களில் தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தில் பெற்றோரை இழந்தார். 1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதை', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை அளித்தனர். 1882இல் கணவரையும் இழந்து, கைக்குழந்தையுடன் புணேக்கு வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். அங்கே, வழி தவறிய பெண்கள் என்று உலகம் ஒதுக்கியவர்களைக் கன்னியர் சிலர் அன்போடு பேணுவதைக் கண்டார். அத்தகையோருக்கு இரங்கும் வழக்கத்தை அவர் அதுவரை கண்டதில்லை. காரணம் கேட்டார். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு உரையாடிய வரலாற்றை அவர்கள் கூறினார்கள். அவ்வாண்டிலேயே அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முதலில் கண்டது தொண்டு. அதற்குரிய விளக்கத்தைக் கேட்டது பின்னரே.

1889இல் இளம் கைம்பெண்களுக்கென மும்பையில் சாரதா சதனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு அதனைப் புணேக்கு மாற்றினார். மாணவியர் தத்தம் குலாசாரத்தைக் கடைப்பிடிக்கத் தடையில்லை. ஆயினும் சிலர் ரமாபாயின் பிரார்த்தனையில் தாமே வந்து அமர்ந்தபோது, 1893இல் பெரும் புயல் எழுந்தது. பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். அவர்களது அச்சத்தை நாம் எள்ளலாகாது. பிள்ளைகளை நம்பி ஒப்படைத்தவர்கள் அவர்கள். ரமாபாயோ எவரையும் வற்புறுத்தவுமில்லை. தம் நம்பிக்கையை மறைக்கவுமில்லை. சதனத்தின் முதல் கைம்பெண் மாணவியான கோதுபாய், அதே 1893இல் தோண்டோ கேசவ் கார்வேயை மணந்து, இந்துவாகவே வாழ்ந்து, கைம்பெண்களுக்குத் தொண்டாற்றினார். விதைத்தவர் தம் பெயரை விளைச்சலின் மேல் பொறிக்க வேண்டும் என்று எண்ணவில்லை.

1896-97இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் பரவியது. பசியால் பெற்றோரை இழந்தவர், பிறர் பசியைக் கண்டு வாளாவிருப்பாரா? நேரில் சென்று, ஆதரவற்ற சிறுமியர் பலரை அழைத்து வந்தார். கேட்காவ் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. 1900ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்தனர். உழவு, நெசவு, அச்சுத் தொழில் எல்லாம் பெண்கள் கையால் நடந்தன. பார்வையற்றோரும் எழுத்தறிந்தனர். இங்கிலாந்தில் கண்ட இல்லத்தைப் போன்ற ஒன்றை, 'கிருபா சதனம்' என்னும் பெயரால் அங்கும் அமைத்தார்.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட என்னை மிகவும் கவர்வது அவரது இறுதிப் பணி. எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் விவிலியத்தைப் பெயர்த்தார். முக்திப் பெண்களே அதனை அச்சிட்டனர். மூலத்திற்கு உண்மையாகவும், கேட்பவருக்குத் தெளிவாகவும் இருத்தல் மொழிபெயர்ப்பின் இலக்கணம். 1922இல் மறைந்த அவ்வம்மையாரின் வாழ்வும் அவ்விலக்கணத்திற்கு அமைந்ததே.

அயல் மாநிலத்தில் வாழும் நாம் எம்மதத்தவராயினும், நம் மறைநூலை அண்டை வீட்டார் படித்திருக்கமாட்டார். நம் வாசலில் வந்து நிற்பவரை நாம் நடத்தும் முறையை மட்டும் அவர் நாள்தோறும் படிக்கிறார். அடுத்த முறை கேட்காவ் வழியே வண்டி செல்லும்போது, இதனைச் சற்றே நினைவுகூர்வோமாக.