இரத்தம் லேசில் நிற்காவிட்டால்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

பகல் கொழுந்து நிறுத்துவதற்குள் நீங்கள் மலைக்குப் போகவேண்டும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

மழை நாளில் அட்டை கடிச்சா இரத்தம் லேசில் நிற்காது. அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, அவ்வளவுதான். துணியை அழுத்திப் பிடித்தால் நின்றுபோகும். ஆனால் அட்டையே கடிக்காமல், சின்ன அடிக்கே மூட்டு வீங்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பையன் முழங்கால் வீங்கி லயத்தில் படுத்துக் கிடந்தான். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவச் சொன்னது நாங்கள்தான். விடிவதற்குள் வீக்கம் இரண்டு மடங்கு. ஆஸ்பத்திரியில் ஹீமோபீலியா என்றார்கள். மூட்டுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருக்கிறது, உருவினது தப்பு. இன்றைக்கும் அந்தக் கால் முழுசாக மடங்காது.

இரத்தம் உறைய வேண்டிய சத்துகளில் ஒன்று பிறவியிலேயே குறைவதுதான் இந்த வியாதி. பெரும்பாலும் எட்டாம் சத்து, சிலருக்கு ஒன்பதாம் சத்து. எட்டாம் சத்துக் குறைவு சுமார் 5,000 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு வரும். தாய் வழியாக வருகிறது என்று கேட்டதும் அந்தப் பாட்டி மருமகளைத் திட்டித் தீர்த்தார். தாய் என்ன செய்வாள்? மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததேயில்லை. சத்தை ஊசியாக ஏற்றினால் கசிவு நிற்கும், அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. இப்படிப் பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்காதீங்க. பல் பிடுங்கப் போனால் முதலிலேயே வியாதியைச் சொல்லுங்கள்.

பிறவியில் இல்லாமல் பிறகு வருவதும் உண்டு. கசிப்பு குடித்து ஈரல் கெட்டவருக்கு இரத்தம் உறையாது, ஏனென்றால் அந்தச் சத்துகளில் பெரும்பாலானதைச் செய்வது ஈரல்தான். (சிரிக்கிற அண்ணன்மாரும் கேட்டுக்கொள்ளுங்கள்.) இதயத்துக்கு வார்பரின் குளிசை போடுகிறவர்கள் கிளினிக் இரத்தப் பரிசோதனையைத் தவற விடக்கூடாது. விரியன் கடிச்சா கீறி இரத்தம் எடுக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. அங்கே கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிஷம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள்.

காரணமில்லாமல் நீலத் தழும்பு வருகிற, மூக்கில் அடிக்கடி இரத்தம் வருகிற பிள்ளை இருந்தால், கூட்டம் முடிந்து அந்தத் தாய் கொஞ்சம் நில்லுங்க. டிஸ்பென்சரிக்கு நாங்களும் கூட வருகிறோம்.